கெமிக்கல் தாங்கும் தார்ப்பாய்: சரி, எந்தக் கெமிக்கல்?



ஹைவேயில் நமக்கு முன்னாடி ஒரு லாரி போனால் நாம் என்ன பார்ப்போம்? பின்னாடி எழுதியிருக்கும் வாசகம், நம்பர் பிளேட், ஓவர்டேக் பண்ண இடம் இருக்கா இல்லையா. அவ்வளவுதான். மேலே இழுத்துக் கட்டியிருக்கும் தார்ப்பாயை யாரும் கவனிக்க மாட்டோம். ஆனால் செகண்ட் இயரில் படித்த பாலிமர், தேர்ட் இயரில் படித்த கரோஷன் ரெண்டுமே அந்த ஒரு துணியில் இருக்கு.

இதை எழுத வைத்தது என் மாமா. சங்ககிரி பக்கம் ரெண்டு லாரி வைத்திருக்கிறார். புதுத் தார்ப்பாய் வாங்கப் போன கடையில் "கெமிக்கல் ரெசிஸ்டன்ட்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம். போனில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கெமிக்கல் தாங்கும்னு போட்டிருக்கான் கண்ணு, எந்தக் கெமிக்கல்னு போடலையே?"

எந்த வைவாவிலும் இவ்வளவு நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. ஏன்னா அந்தக் கேள்விதான் முழு விஷயமே. எல்லாக் கெமிக்கலையும் தாங்கும் பொருள் என்று ஒன்று தார்ப்பாய்க் கடையில் கிடையாது. எந்தக் கெமிக்கல், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு சூடு, எத்தனை நாள் என்று சொல்லாமல் "ரெசிஸ்டன்ட்" என்று மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை.

முதலில், தார்ப்பாய் என்பது என்ன?

ஆங்கிலத்தில் தார்பாலின் என்ற சொல்லே தார் பூசிய துணி என்பதிலிருந்து வந்தது. கப்பலில் சரக்கு நனையாமல் இருக்கத் துணியில் தாரைப் பூசி மூடினார்கள். அது தமிழுக்கு வந்தபோது நம் ஆட்கள் அழகாகத் "தார்ப்பாய்" ஆக்கிவிட்டார்கள். பாய் என்றால் கப்பலின் பாயும்தானே! இன்று அதில் தார் இல்லை, பெயர் மட்டும் மிச்சம்.

இப்போது ரோட்டில் பெரும்பாலும் பார்ப்பது மூன்று வகை.

1. மெழுகு போன்ற வாட்டர்ப்ரூஃப் பூச்சு கொடுத்த காட்டன் கேன்வாஸ். பழைய வகை. நனைந்தால் கனம் தாங்காது.

2. எச்டிபிஇ தார்ப்பாய். பாலிஎத்திலீன் ஃபிலிமை நாடா நாடாவாக வெட்டி, இழுத்து, நெய்து, அதன் ரெண்டு பக்கமும் எல்டிபிஇ லேமினேஷன் கொடுப்பார்கள். வீட்டில் நெல் காயப் போடும் நீலத் தார்ப்பாய் இதே குடும்பம்தான்.

3. பிவிசி பூசிய பாலியஸ்டர் துணி. உள்ளே பாலியஸ்டர் நூல், மேலும் கீழும் மெத்தென்ற பிவிசி. கனம் அதிகம், விலையும் அதிகம்.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் வச்சுக்கணும். தார்ப்பாய் என்பது ஒரே பொருள் இல்லை. பூச்சு, உள்நூல், தையல் நூல், ஐலெட் வளையம், கட்டும் கயிறு எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டணி. இதில் யார் முதலில் கவிழ்கிறாரோ அவர்தான் தார்ப்பாயின் ஆயுளைத் தீர்மானிக்கிறார்.

கெமிக்கல் எப்படியெல்லாம் கெடுக்கும்?

"ஆசிட் பட்டால் ஓட்டை விழும்" என்பதுதான் நம் மனசில் இருக்கும் படம். உண்மையில் நாலு வழி இருக்கு.

முதல் வழி, நேரடியாக மூலக்கூறுச் சங்கிலியை வெட்டுவது. பைக் பேட்டரி ஆசிட் ஜீன்ஸில் பட்ட அனுபவம் சிலருக்கு இருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, துவைத்த பிறகு அங்கே ஓட்டை இருக்கும். காட்டன் என்பது செல்லுலோஸ். அதன் சங்கிலியை ஆசிட் வெட்டிவிடும். ஆனால் அதே காட்டன் காரத்தை நன்றாகத் தாங்கும். மெர்சரைஸ்டு காட்டன் என்று சட்டைக் கடையில் சொல்கிறார்களே, அது அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் முக்கி எடுத்த காட்டன்தான்.

பாலியஸ்டர் இதற்கு அப்படியே உல்டா. சாதாரண நீர்த்த ஆசிட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் அதன் எஸ்டர் பிணைப்பைக் காரம் வெட்டும். டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் நண்பர்களைக் கேளுங்க, "வெயிட் ரிடக்‌ஷன்" என்று சொல்வார்கள். பாலியஸ்டர் துணியைச் சூடான காஸ்டிக் சோடாவில் ஓட்டி நூலின் மேல்பரப்பைக் கொஞ்சம் கரைத்து எடுத்தால் துணி பட்டு மாதிரி மென்மையாகும். புடவைக்கு அது ஃபினிஷிங். தார்ப்பாய்க்கு அது மரணம்.

இரண்டாவது வழி, ஊற வைப்பது அல்லது கரைப்பது. இங்கே பழைய ஃபார்முலாதான்: ஒத்தது ஒத்ததைக் கரைக்கும். எச்டிபிஇ கேனில் ஆசிட்டே விற்கிறார்கள், கேனுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் பெட்ரோல், டீசல் போன்ற ஹைட்ரோகார்பன்கள் பாலிஎத்திலீனுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. மெதுவாக உள்ளே நுழைந்து ஊற வைக்கும். அதனால்தான் கார்களின் பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்கை வெறும் எச்டிபிஇயில் செய்யாமல், தடுப்பு அடுக்கு வைத்தோ ஃப்ளூரின் ட்ரீட்மென்ட் கொடுத்தோ செய்கிறார்கள். பிவிசிக்கு எமன் வேறு: கீட்டோன் வகைக் கரைப்பான்கள். பிளம்பர் பிவிசி பைப் ஒட்டும் பசையின் வாசனை ஞாபகம் இருக்கா? பிவிசியைக் கரைத்து ஒட்டுவதுதான் அதன் வேலையே.

மூன்றாவது வழி கொஞ்சம் திருட்டு வேலை. பிவிசி இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக், பைப் மாதிரி. அதைத் துணி மேல் மெத்தென்று வைக்கப் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலப்பார்கள். மொத்தக் கலவையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட அது இருக்கலாம். டீசல், எண்ணெய் போன்றவை தொடர்ந்து பட்டால் இந்தப் பிளாஸ்டிசைசரை வெளியே இழுத்துவிடும். பிவிசி அப்படியே இருக்கும், மென்மை மட்டும் போய்விடும். அப்புறம் மடிக்கிற இடத்தில் எல்லாம் வெடிப்பு.

நாலாவது, ஸ்ட்ரெஸ் கிராக்கிங். சோப்புத் தண்ணீர் பாலிஎத்திலீனோடு எந்த வினையும் புரியாது. ஆனால் இழுவிசையில் இருக்கும் பாலிஎத்திலீனில் ஏற்கெனவே உள்ள நுண்ணிய விரிசல் வேகமாக வளர அது வழி செய்யும். சோப்பு போட்டுக் கழுவிய தார்ப்பாயை நன்றாக அலசிவிட்டுக் கட்டுவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளக்குத் திரி எஃபெக்ட்

பிவிசி காரத்தைத் தாங்கும். அப்போ பிவிசி பூசிய பாலியஸ்டரும் தாங்கணும்தானே? பூச்சு முழுசாக இருக்கும் வரை தாங்கும். ஆனால் வெட்டிய ஓரத்தைப் பாருங்க. அங்கே பாலியஸ்டர் நூல் வெளியே தெரியும். ஒவ்வொரு நூலும் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு. இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகத் திரவம் உள்ளே ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. ஐலெட் குத்திய துளை, கயிறு உரசித் தேய்ந்த இடம், ஆணி கீறிய கோடு எல்லாமே வாசல்கள்தான்.

இதனால் என்ன ஆகும்? வெளியே பூச்சு பளபளவென்று இருக்கும். உள்ளே பலம் கொடுக்கும் நூல் வலுவிழந்திருக்கும். பார்வைக்கு நல்ல தார்ப்பாய் ஒரு காற்றில் கிழியும். இதைத் தடுக்கத்தான் நல்ல தயாரிப்பாளர்கள் நூலுக்கே திரவம் ஏறாத ட்ரீட்மென்ட் கொடுக்கிறார்கள், ஓரத்தை மடித்து வெல்டிங் செய்கிறார்கள். வாங்கும்போது ஓரத்தைத்தான் முதலில் பார்க்கணும்.

வெயிலும் ஆசிட்டும் கூட்டு சேர்ந்தால்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பாலிஎத்திலீனை நீர்த்த ஆசிட் ஒன்றும் செய்யாது என்று பார்த்தோம். ஆனால் அதற்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் சங்கிலி அறுந்து, வருஷத்துக்குள் நொறுங்க ஆரம்பிக்கும். அதனால் யுவி ஸ்டெபிலைசர் சேர்க்கிறார்கள். அதிகம் பயன்படும் வகையின் பெயர் ஹால்ஸ். இது ஒரு அமீன், அதாவது காரத்தன்மை கொண்டது.

காரத்தோடு ஆசிட் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒன்பதாம் வகுப்புப் பாடம்: நடுநிலையாகும். ஆசிட் ஆவி தொடர்ந்து பட்டால் ஹால்ஸ் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகும். பசுமைக்குடில் விவசாயத்தில் இது தெரிந்த பிரச்சினை. கந்தகமும் குளோரினும் உள்ள பூச்சிமருந்து அடிக்கும் குடில்களில் பாலிஎத்திலீன் ஷீட் சீக்கிரம் நொறுங்கும். லாரிக்கும் இதே லாஜிக்தான். கந்தகத் தூள் படிந்த தார்ப்பாயை வெயிலில் போட்டுவைத்தால், ஆசிட் நேரடியாக எதையும் அரிக்காமலே அதன் ஆயுள் குறையும். துணி தாங்கும், துணிக்குள் போட்ட மருந்து தாங்காது.

சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் சுமார் இரண்டு மடங்கு என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் 30 டிகிரி கூடினால் 8 மடங்கு. கம்பெனி அட்டவணையில் "நன்றாகத் தாங்கும்" என்று இருந்தால், எந்த வெப்பநிலையில் சோதித்தார்கள் என்று பாருங்க. 23 டிகிரி ஏசி லேபில் வந்த முடிவு, மே மாதக் கரூர் பைபாஸில் அப்படியே செல்லாது.

சின்ன உறுப்பினர்கள்

ஐலெட் வளையத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அலுமினிய வளையம் காரத்தில் கரையும், ஹைட்ரஜன் குமிழியோடு. நனைந்த சிமென்ட் தூசியே அதற்குப் போதும். பித்தளை வளையத்துக்கு அம்மோனியா ஆகாது.

இதற்கு ஒரு சரித்திரக் கதையே இருக்கு. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகளில் விரிசல். காரணம் 1921-ல்தான் முறையாக விளக்கப்பட்டது. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், பித்தளையை அழுத்தி உருவாக்கும்போது உள்ளே தங்கிய இழுவிசையும் சேர்ந்துதான் விரிசல். நம் ஐலெட்டும் அழுத்திச் செய்த பித்தளைதான். நாமக்கல்லிலிருந்து கோழி எரு ஏற்றும் லாரியில் அம்மோனியாவுக்குப் பஞ்சமா?

கயிறும் அப்படித்தான். நைலான் காரத்தைத் தாங்கும், ஆசிட்டுக்குத் தாங்காது. கன்னியாகுமரி பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் பயன்படுத்துகிறார்கள். லேபில் ஒரு இழை நைலானா என்று கண்டுபிடிக்க அதே ஆசிட்டைத்தான் அடர்த்தியாக எடுக்கிறோம், நைலான் அதில் கரைந்துவிடும். அந்த ஆசிட் கேன் ஏற்றிய வண்டியில் நைலான் கயிறு கட்டுவது சரியா என்று நீங்களே சொல்லுங்க. பாலிபுரொப்பிலீன் கயிறு அங்கே பாதுகாப்பு.

லோடு வாரியாகப் பார்த்தால்

சிமென்ட், ஃப்ளை ஆஷ்: நனைந்த சிமென்டின் பிஎச் 12-க்கு மேல். இங்கே எச்டிபிஇ கெமிக்கலாக ஜெயிக்கும், வெட்ட அதில் எஸ்டர் பிணைப்பே இல்லை. பிவிசி-பாலியஸ்டர் என்றால் ஓரம் சீல் ஆகியிருக்கணும், தூசியை உடனே தட்டணும்.

சுட்ட சுண்ணாம்பு: தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பது சுண்ணாம்பு தாளித்த எல்லோருக்கும் தெரியும். ஒரு சின்ன ஓட்டை வழியாக மழை இறங்கினாலே போதும். எல்டிபிஇ சுமார் 110 டிகிரியில் உருகிவிடும். இங்கே தார்ப்பாயைக் கெடுப்பது காரம் மட்டும் இல்லை, சூடும்தான். இந்த லோடுக்கு ஒட்டுப்போட்ட தார்ப்பாய் கூடவே கூடாது.

உப்பு: தூத்துக்குடி உப்பு எந்தப் பிளாஸ்டிக்கையும் ஒன்றும் செய்யாது. அரிப்பதெல்லாம் இரும்புக் கொக்கி, சங்கிலி, பாடியைத்தான்.

உரம்: யூரியா பிளாஸ்டிக்குக்கு சாது. சூப்பர் பாஸ்பேட்டில் கொஞ்சம் தனி ஆசிட் இருக்கும். காட்டன் கேன்வாஸ் வேண்டாம்.

எண்ணெய், டீசல் டிரம்: ரெண்டு வகைத் தார்ப்பாய்க்கும் நல்லதில்லை. சிந்தியதை அன்றே துடைக்கணும்.

கரைப்பான், ஆசிட் போன்ற திரவங்கள்: இதில் தார்ப்பாயை நம்பவே கூடாது. டிரம்மும் டேங்கரும்தான் கெமிக்கலைத் தாங்க வேண்டியவை. தார்ப்பாய் வெறும் மழைக்கும் தூசிக்கும். ஆபத்தான சரக்குக்கு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் வகை லேபிள், அவசர காலத் தகவல் அட்டை, டிரைவருக்குப் பயிற்சி என்று தனி விதிகளே இருக்கு. தடிமனான தார்ப்பாய் எதுவும் அந்த விதிகளுக்கு மாற்று ஆகாது.

நாமே டெஸ்ட் பண்ணலாமா?

பண்ணலாம். மினி புராஜெக்ட் தேடும் ஜூனியர்களுக்கு இது நல்ல டாபிக். ஐஎஸ்ஓ 175 என்று ஒரு முறை இருக்கு, பிளாஸ்டிக்கைத் திரவக் கெமிக்கலில் மூழ்க வைத்துப் பார்ப்பதற்கானது. அதில் 24 மணி நேரம், ஒரு வாரம், 16 வாரம் என்று மூன்று கால அளவு. அதே ஐடியாவை எளிமையாகச் செய்யலாம்.

தார்ப்பாயிலிருந்து ஒரே அளவில் பட்டைகள் வெட்டுங்க. பாதிக்கு ஓரத்தை சீல் பண்ணுங்க, பாதியை அப்படியே விடுங்க. எடையைக் குறித்துக்கொண்டு நீர்த்த ஆசிட், காஸ்டிக் கரைசல், டீசல் ஆகியவற்றில் தனித்தனியாக ஒரு வாரம் போடுங்க. வெறும் தண்ணீரில் ஒரு செட் கட்டாயம், இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. எடுத்து, கழுவி, காயவைத்து எடை பாருங்க. எடை கூடியிருந்தால் ஊறியிருக்கு, குறைந்திருந்தால் உள்ளே இருந்து ஏதோ வெளியே போயிருக்கு. பிறகு யூடிஎம்மில் இழுத்துப் பலத்தைப் பாருங்க. எடை மாறாமல் பலம் மட்டும் குறைவதும் உண்டு, அதனால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க. கண்ணாடியும் கிளவுஸும் இல்லாமல், லேப் அசிஸ்டன்ட் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ஹாஸ்டல் ரூமில் வேண்டவே வேண்டாம்!

தாங்கினால் மட்டும் போதுமா?

இதுவரை தார்ப்பாய் பக்கமிருந்து பேசினோம். லோடு பக்கமிருந்தும் பார்க்கணும். ஒரு தார்ப்பாய் பூச்சிமருந்தைக் கிழியாமல், நிறம் மாறாமல் தாங்கிவிட்டது. நல்ல விஷயமா? பாலிஎத்திலீனும் மெத்தென்ற பிவிசியும் இந்த மாதிரி ஆர்கானிக் பொருளைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மேலே இருப்பது போகும், உள்ளே போனது அங்கேயே இருக்கும். அடுத்த ட்ரிப்பில் அதே தார்ப்பாயை அரிசி மூட்டை மேல் போட்டு வெயிலில் கொண்டுபோனால், அது மெதுவாக வெளியே வரலாம்.

இது பயமுறுத்தச் சொல்வதில்லை. 1958-ல் கேரளாவில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கொண்டுவரும் வழியில் மாவில் மருந்து கலந்ததுதான் காரணம். அங்கே தார்ப்பாய் குற்றவாளி இல்லை. ஆனால் விஷமும் உணவும் போக்குவரத்தில் ஒரே இடத்தைப் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

கெமிக்கல் ரெசிஸ்டன்ட் என்ற வார்த்தை தார்ப்பாய்க்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது என்று அது சொல்லவில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டிலோ தெருவிலோ லாரி வைத்திருப்பவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்க.

1. உள்நூல் என்ன, பூச்சு என்ன? ரெண்டையும் தனித்தனியாகக் கேளுங்க.
2. என் லோடின் பெயரைச் சொன்னால், அதற்குச் சோதித்த அட்டவணை இருக்கா? எந்த வெப்பநிலையில், எத்தனை நாள்?
3. ஓரம் சீல் ஆகியிருக்கா? ஐலெட் எந்த உலோகம்?
4. எச்டிபிஇ என்றால் ஐஎஸ் 7903 முத்திரை இருக்கா? இருந்தால் அடிப்படைத் தரத்துக்கு நல்லது. ஆனால் எல்லாக் கெமிக்கலுக்கும் அது கேரண்டி இல்லை.

ஐந்தாவது வேலை கடைக்காரருக்கு இல்லை, நமக்கு. தார்ப்பாயின் ஒரு மூலையில் பெயின்டால் பெரிசாக எழுதி வையுங்க: "உணவு" அல்லது "கெமிக்கல்". ஒருமுறை "கெமிக்கல்" ஆன தார்ப்பாய் திரும்ப "உணவு" ஆகக் கூடாது. அதற்கு ஆகும் செலவு ஒரு சின்ன பெயின்ட் டப்பா. அதற்குள் நம் நாலு வருஷப் படிப்பில் பாதி இருக்கு.